கடல் எந்தப் பக்கம்

சூரிய அஸ்தமனத்தைப் பார்த்துவிட்டுப் பல் தேய்த்தவன் நான். இதைச் சொல்ல இப்போது வெட்கப்படுவதில்லை. பார்த்தவர்கள் இருபது பேருக்கு மேல் இருக்கிறார்கள், அதில் பாதிப் பேர் இன்றைக்கும் ஜெயங்கொண்டம் பஸ் ஸ்டாண்டில் என்னைக் கண்டால் "குட் மார்னிங் சார்" என்கிறார்கள், எந்நேரமாக இருந்தாலும்.

நடந்தது மலேசியாவில், கெடா மாநிலத்தின் ஒரு சின்னக் கடற்கரை ஊரில். திருச்சியில் ராத்திரி விமானம் ஏறி, கோலாலம்பூரில் விடிகாலை இறங்கி, அங்கிருந்து பாதிப் பகல் பஸ்ஸில் வடக்கே போய், ஓட்டல் அறையில் சட்டையைக்கூடக் கழற்றாமல் சாய்ந்தேன். கண் விழித்தபோது ஜன்னலுக்கு வெளியே கடல். கடலுக்கு மேலே ஒரு முழம் உயரத்தில் செக்கச்செவேலென்று சூரியன். கைக்கடிகாரத்தை இன்னும் நம்மூர் நேரத்திலேயே வைத்திருந்தேன். அது நாலரை காட்டியது. நாலரைக்கே இவ்வளவு வெளிச்சமா என்று ஒரு கணம் யோசனை வந்தது. வெளிநாடு அல்லவா, எல்லாம் சீக்கிரம் நடக்கும் என்று நானே பதிலும் சொல்லிக்கொண்டேன். பல் தேய்த்தேன். குளித்தேன். திருநீறு பூசி, ஜன்னல் வழியே சூரியனை ஒரு கும்பிடு போட்டேன். கீழே இறங்கினால் வரவேற்பறையில் எங்கள் பள்ளிப் பிள்ளைகள் மொத்தமும் கூடியிருந்தது.

"குட் மார்னிங். இட்லி கிட்லி எதாச்சும் போடுறாங்களா?" என்றேன்.

ஒரு பையன் சிரித்த சிரிப்பில் தரையிலேயே உட்கார்ந்துவிட்டான். சிரிக்காதவர் ஒருவர்தான். என்னோடு வந்திருந்த புவியியல் டீச்சர். அவருக்கு என் மேல் இரக்கம் என்று நினைத்துவிட வேண்டாம். தேடிக்கொண்டிருந்த பொருள் கையில் அகப்பட்ட மாதிரி முகம் மலர்ந்திருந்தது.

"யாரும் சிரிக்கக் கூடாது. சார் தப்பே பண்ணல. கடலுக்கு மேல சூரியன் இருந்தா அது காலைலன்னு சாரோட ஒடம்பு நெனச்சுக்கிச்சு. ஏன்? சொல்லு பாப்போம்."

"நமக்குக் கடல் கிழக்க இருக்கு டீச்சர்," என்றாள் கோகிலா என்ற பெண்.

"அதான். இங்க கடல் மேற்க. சார் பிளைட் ஏறி வந்துட்டாரு, அவரு உள்ள இருக்குற ஜெயங்கொண்டம் இன்னும் எறங்கல."

பாடம் முடிந்தது. நான் அறிவியல் கூடத்து எலும்புக்கூடு போல அங்கேயே நின்றுகொண்டிருந்தேன்.

இந்த டீச்சரைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்தேன். என்னைப் பற்றி ஆரம்பித்தது பழக்க தோஷம்.

எங்கள் பள்ளி, அரியலூரிலிருந்து ஜெயங்கொண்டம் போகிற சாலையில் இருக்கிறது. ஒரு பக்கம் முந்திரிக்காடு, இன்னொரு பக்கம் சிமெண்ட் லாரிகள். நான் அங்கே தமிழாசிரியர். அவர் வந்து சேர்ந்த முதல் நாள், ஆசிரியர் அறையில் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்காராமல் நின்றார்.

"சார், இதுல வடக்கு எந்தப் பக்கம்?"

வருஷக்கணக்காக நான் உட்கார்ந்து மதியத் தூக்கம் போட்ட அறை அது. கழிப்பறை இருக்கும் திசையைப் பொதுவாகக் காட்டினேன். அவர் வெளியே போய்க் கொடிக்கம்பத்தின் நிழலைப் பார்த்துவிட்டு வந்தார். நாற்காலியைத் திருப்பிப் போட்டார். உட்கார்ந்தார். யாரோ கதவைத் திறந்ததும் எழுந்துவிட்டார். யோசித்துப் பார்த்தால் அவர் உட்கார்ந்து பார்த்த ஞாபகம் எனக்கு அதிகமில்லை. கதவோரம், ஜன்னலோரம், வராந்தா முனை. எந்த அறையிலும் அவர் பாதி கிளம்பினவராகவே இருந்தார். பிள்ளைகள் அவருக்குக் காந்தமுள் என்று பெயர் வைத்தார்கள். என் வகுப்பில் நான் நடத்திய எந்த உவமையும் அவ்வளவு பொருந்தவில்லை.

ஒன்பதாம் வகுப்பில் முதல் பாடத்தில், "வடக்கு எங்க, கையக் காட்டு" என்றாராம். பாதி வகுப்பு மின்விசிறியைக் காட்டியது. சுவரில் மாட்டிய வரைபடத்தைப் பார்த்துப் பார்த்து, வடக்கு என்றால் மேலே என்று பிள்ளைகள் முடிவுசெய்திருந்தார்கள். அன்றைக்கே உலக வரைபடத்தைச் சுவரிலிருந்து கழற்றித் தரையில் விரித்து, அதன் வடக்கை உண்மையான வடக்குக்கு நேராகத் திருப்பி வைத்துவிட்டார். பெஞ்சுகளெல்லாம் ஓரத்துக்குப் போயின. ஒரு நாள் எங்கள் தாளாளர், பள்ளியின் முதலாளி, திடீர் ஆய்வுக்கு வந்தவர், ஆப்பிரிக்காவில் செருப்போடு நின்றார்.

"என்னம்மா இது, படத்தக் கீழ போட்டு வச்சிருக்கீங்க?"

"பூமி கீழதான சார் இருக்கு," என்றார் டீச்சர்.

இந்தத் திசைப் பைத்தியத்தால் அவருக்கு ஒரு தொல்லையும் வந்தது. ஊர் அவரை வாஸ்து தெரிந்தவர் என்று நினைத்துக்கொண்டது. வேறு எந்த ஊரிலும் இப்படி நினைத்திருப்பார்களா தெரியாது, எங்கள் பக்கத்தில் வீடு கட்டாதவனே கிடையாது, கட்டி முடித்தவனும் கிடையாது. பெற்றோர் கூட்டத்துக்கு வருகிறவர்கள் மகனின் மார்க்கைப் பற்றிக் கேட்டுவிட்டு, குரலைத் தாழ்த்தி, "டீச்சர், தண்ணித் தொட்டிய வடகிழக்குல வச்சிருக்கோம், சரிங்களா?" என்பார்கள். அவருக்கு மூக்கு சிவந்துவிடும்.

"எங்க வேணாலும் வைங்க. தண்ணி வருதா பாருங்க."

அதையும் ஏதோ பரிகாரம் என்று எடுத்துக்கொண்டு போனவர்கள் உண்டு. தாளாளர் அவரைக் கேட்காமலேயே, அவர் நாற்காலியைத் திருப்பிப் போட்ட திசையைக் கவனித்து, தன் நாற்காலியையும் அதே திசைக்குத் திருப்பிக்கொண்டார். அந்த வருடம் சேர்க்கை கூடியது. அதற்குப் பிறகு டீச்சரின் வாய்க்கு எங்கள் பள்ளியில் ஒரு தனி மதிப்பு.

பெரம்பலூரில் சக ஆசிரியர் ஒருவரின் கல்யாணம். ஜன்னல் இல்லாத ஏசி மண்டபம். பந்தியில் என் பக்கத்து இலை அவருடையது. சாம்பார் வருவதற்குள் எழுந்துவிட்டார். வெளியே போய் வெயிலைப் பார்த்துவிட்டுத் திரும்பினால், அவர் இலையில் மாப்பிள்ளையின் சித்தப்பா உட்கார்ந்து அப்பளம் நொறுக்கிக்கொண்டிருந்தார். அடுத்த பந்திக்கு என் நாற்காலிக்குப் பின்னாலேயே நின்றார்.

"எதுக்கு டீச்சர் இந்தப் பாடு? வடக்கு எங்க இருந்தா என்ன, சோறு இலைலதான இருக்கு?" என்றேன்.

"எறங்காது சார். யாரோ வந்து சாமான் எல்லாத்தயும் மாத்தி வச்சிட்டுப் போன வூட்டுல உக்காந்திருக்குற மாதிரி இருக்கும்."

அவருக்கு ஊர் அரும்பாவூர். அந்த ஊர்க்காரர்களுக்கு மேற்கே பச்சைமலை. கண் விழித்ததும் மலையைப் பார்த்துவிடலாம், நாள் முழுக்கத் திசை தொலையாது. கல்யாணமாகி ஜெயங்கொண்டத்துக்கு வந்தபோதுதான் அவருக்குச் சிக்கல் ஆரம்பித்தது. இங்கே எந்தப் பக்கம் பார்த்தாலும் ஒரே மட்டம். முந்திரி, அதற்கு அப்பால் முந்திரி. "தூங்கி முழிச்சா தல எந்தப் பக்கம் இருக்குன்னே தெரியல சார். வாசலுக்கு வந்து பாத்துட்டுப் போயிதான் மறுபடி படுப்பேன்" என்று ஒருமுறை சொன்னார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். எனக்கென்னவோ கேட்டபிறகு சிரிப்பு வரவில்லை. அன்றிரவு நானும் ஒருமுறை எழுந்து வாசலுக்குப் போனேன். எதைப் பார்க்க வேண்டும் என்று தெரியாமல் திரும்பி வந்து படுத்தேன்.

அரியலூர்ப் பக்கம் சுண்ணாம்புக்கல் வெட்டிய பள்ளங்களுக்குப் பிள்ளைகளைக் கூட்டிப்போவார். வெள்ளை வெளேரென்ற மண்ணில் கல்லாகிப்போன சிப்பிகள் கிடக்கும். ஒன்றை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு, "இங்கதான் கடல் இருந்துச்சு. அப்புறம் போயிடுச்சு. எந்தப் பக்கம் போயிருக்கும்?" என்பார். எல்லாக் கையும் ஒரே பக்கம் நீளும். கிழக்கு. எங்கள் பிள்ளைகளுக்கு இதில் சந்தேகமே கிடையாது. கடல் என்பது கிழக்கில் இருப்பது. எங்களை விட்டுப் போனாலும் அது கிழக்கேதான் போகும்.

இப்போது பயணத்துக்கு வருகிறேன்.

கங்கைகொண்ட சோழபுரத்துக்குப் பக்கத்துப் பள்ளி என்பதால், தாளாளருக்கு ஒரு யோசனை. நம்ம ராஜா கடாரத்தை ஜெயித்தார். அந்தக் கடாரம் இன்றைக்கு மலேசியாவில் கெடா. நம் பிள்ளைகள் அங்கே போய் நின்று போட்டோ எடுத்தால் பள்ளிக்கு எப்படி இருக்கும்? புவியியல், பண்பாடு, இரண்டும் ஆச்சு. முதல் வருடப் பயணத்துக்கு ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள், டீச்சர், நான். அங்கே ஒரு மலாய்ப் பள்ளியில் நான் பேச வேண்டும். 'கடாரம் கொண்டவன் மண்ணிலிருந்து' என்று தலைப்பிட்டு, வீரம் சொட்டச் சொட்ட உரை தயாரித்து டீச்சரிடம் படித்துக் காட்டினேன்.

முழுக்கக் கேட்டார். "அவங்க வூட்டுக்கு விருந்துக்குப் போயி, எங்க பாட்டன் ஒங்க வூட்டுல பூந்து அடிச்சான்னு சொல்லப் போறீங்களா சார்?"

உரை என் சட்டைப் பையிலேயே மலேசியா போய், சட்டைப் பையிலேயே திரும்பி வந்தது.

பயணத்துக்கு வந்த பிள்ளைகளில் கோகிலா மட்டும் வரைபடப் போட்டியில் ஜெயித்து, பள்ளிச் செலவில் வந்தவள். அம்மா முந்திரி உடைக்கிற வேலை. அப்பா கெடாவில் ஒரு சாப்பாட்டுக் கடையில் ரொட்டி போடுகிறார். கோகிலா அஞ்சாவது படிக்கும்போது போனவர். ஒவ்வொரு பொங்கலுக்கும் வருவதாகச் சொல்லி, ஒவ்வொரு பொங்கலும் போனது. போனில் முகம் தெரியும். முகத்துக்குப் பின்னால் எப்போதும் அதே எண்ணெய்ச் சுவர்.

கோகிலாவின் அம்மா பள்ளிக்கு வந்து நின்றார். முந்திரிப் பால் பட்டுக் கறுத்துப்போன விரல்களை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு, "அவ்ளோ தூரம் போறாளே டீச்சர், அவர ஒரு கண்ணு பாத்துட்டு வந்துரட்டும். இளைச்சிருக்காரா என்னன்னு எனக்குத் தெரிஞ்சா போதும். போன்ல கேட்டா நல்லாருக்கேன்னுதான் சொல்றாரு" என்றார்.

டீச்சர் நேரே தாளாளர் அறைக்குப் போனார். நானும் பின்னால் போனேன், ஆதரவு தர அல்ல, வேடிக்கை பார்க்க.

"முடியாதும்மா," என்றார் தாளாளர். அவரைக் கெட்டவர் என்று சொல்ல மாட்டேன், அவர் பயந்தவர். "ஒரு புள்ளைக்கு அப்பான்னு விட்டா, இன்னொண்ணுக்கு மாமா இருப்பாரு, இன்னொண்ணுக்குப் பெரியப்பா மவன் இருப்பாரு. நம்ம பக்கத்து ஆளு பாதி அங்கதான கெடக்கு? பத்திரிகை வைக்கப் போறமா, படிக்கப் போறமா? ஒரு புள்ள தொலஞ்சா என் பள்ளிக்கூடத்துக் கதி என்னா? வேணாம். விட்டுருங்க."

டீச்சர் வெளியே வந்து வராந்தா முனைக்கும் படிக்கட்டுக்குமாக நடந்துகொண்டிருந்தார். என்னைத் தாளாளர் உள்ளே கூப்பிட்டார்.

"சார், உங்கள எதுக்கு அனுப்புறேன்னு தெரியும்ல?"

"தமிழர் பண்பாட்டை…"

"அதெல்லாம் இல்ல. அந்தம்மாவுக்குக் கால்ல சக்கரம். கூட்டத்த விட்டுட்டு எங்கயும் போயிடாம பாத்துக்குங்க. அது ஒண்ணுதான் உங்க வேல."

அந்த வாரம் ஓட்டல் பற்றிப் பேச்சு வந்தது. பயண ஏற்பாட்டாளர் இரண்டு இடம் சொல்லியிருந்தார். ஒன்று டவுனுக்குள், கடைத்தெருப் பக்கம். இன்னொன்று கடற்கரையில், மேற்குப் பார்த்தது. தாளாளர் என் எதிரிலேயே டீச்சரிடம் குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "மேற்கப் பாத்த கடல் நல்லதாம்மா?"

வாஸ்து என்ற சொல்லைக் கேட்டாலே சீறுகிறவர், அன்றைக்குக் கண்ணை மூடித் திறந்து, "அதவிட நல்ல எடம் நமக்கு அமையாது சார்" என்றார்.

நான் வாயைத் திறந்தேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டேன்.

ஆக, அஸ்தமனத்துக்குப் பல் தேய்த்த அந்தச் சாயங்காலம். டீச்சர் பிள்ளைகளைக் கடற்கரைக்கு இறக்கினார். "கண்ண மூடு. ஒரு சுத்து சுத்து. தொறக்காத. நம்மூரு எந்தப் பக்கம்? கைய நீட்டு." பாதிக் கைகள் கடலுக்கு முதுகைக் காட்டி நீண்டன. ஒன்று ஓட்டல் சமையலறையைக் காட்டியது. பிள்ளைகள் மறுபடி சுற்ற ஆரம்பித்ததும் டீச்சர் என் பக்கம் வந்தார். கோகிலா கையில் ஒரு முந்திரிப் பொட்டலத்தோடு ஏற்கெனவே அங்கே நின்றுகொண்டிருந்தாள்.

"சார், கரையோரமா தெற்க போங்க. ஆறு கடல்ல சேர்ற எடத்துல ஒரு பாலம் வரும். இவங்கப்பா கடை அங்கதான். பாலத்துமேல நிக்கறேன்னு சொல்லியிருக்காரு. சூரியன் மறையிற வரைக்குந்தான் மொதலாளி விட்டிருக்காரு. அப்புறம் கடைக்குக் கூட்டம் வந்துரும்."

ஓட்டலின் மேற்குப் பார்த்த மகிமை எனக்கு அப்போதுதான் விளங்கியது.

"டீச்சர், தாளாளர் என்ன சொன்னாரு…"

"என்ன சொன்னாரு? நான் கூட்டத்த விட்டு எங்கயும் போகக் கூடாதுன்னாரு. நான் போகல. இங்கயே நிக்கறேன். நீங்கதான் போறீங்க."

"நீங்களே போயிட்டு வாங்களேன். நான் பிள்ளைகளப் பாத்துக்கறேன்."

"நாளைக்கு அவரு கேட்டா என்ன சொல்லுவீங்க?"

எனக்குப் பொய் சொல்ல வராது. நேர்மையால் அல்ல, ஞாபகசக்தி போதாததால். அது அவருக்குத் தெரியும். இட்லி கேட்ட அவமானமும் பாக்கி இருந்தது. சரி என்றேன்.

கடலைப் பார்த்து நின்றேன். தெற்கு எந்தப் பக்கம்? கடலைப் பார்த்து நின்றால் வலக்கைப் பக்கம் தெற்கு. தரங்கம்பாடியில், பூம்புகாரில், நான் பார்த்த எல்லாக் கடற்கரையிலும் அப்படித்தான். விறுவிறுவென்று வலப்பக்கம் நடந்தேன்.

"சார்," என்றாள் கோகிலா.

"வாம்மா, நேரமாச்சு."

கால் மணி நேரத்துக்கு முன்புதான் இருபது பேர் முன்னால், இங்கே கடல் மேற்கு என்று பாடம் நடத்தப்பட்டவன் நான். அந்தப் பாடம் தலைக்குப் போயிருந்தது. கால்வரைக்கும் இறங்கவில்லை. கோகிலா பின்னால் வந்தாள். அடிக்கொருதரம் திரும்பிப் பார்த்தாள். படகுகள் வந்தன, பாறை வந்தது, வலை காயப்போட்ட கொம்புகள் வந்தன. பாலம் வரவில்லை. சூரியன் அரை முழமாகிவிட்டது.

"எங்கம்மா பாலம்?"

அவள் நின்றுவிட்டாள். "நாம வடக்க போறோம் சார்."

"எப்ப தெரிஞ்சுது?"

"கெளம்பும்போதே சார்."

"சொல்லக் கூடாதா?"

"சார்னு சொன்னேன் சார். நீங்க வாம்மான்னுட்டீங்க."

வாழ்க்கையில் நான் கடைசியாக ஓடியது எப்போது என்று நினைவில்லை. அன்றைக்கு ஓடினேன். செருப்பைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, தொந்தி ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமுமாக, ஈர மணலில். கோகிலா எனக்கு முன்னால் ஓடிவிட்டு, நின்று, திரும்பி, மறுபடி ஓடினாள். எங்கள் பிள்ளைகள் நிற்கும் இடத்தைக் கடந்தோம். டீச்சர் கூட்டத்துக்கு நடுவே, அவரே போட்டுக்கொண்ட எல்லைக்குள், நின்றுகொண்டிருந்தார். திட்டவில்லை. வலது கையை முழுசாகத் தெற்கே நீட்டினார். அவரைப் பார்த்துப் பிள்ளைகளும் நீட்டினார்கள். இருபது கைகள் ஒரே பக்கம். அந்தக் கைகளை ஒட்டி நாங்கள் ஓடினோம்.

பாலத்தில் யாருமில்லை. சூரியனும் இல்லை. கடலில் சிவப்பு மட்டும் கொஞ்சம் மிச்சமிருந்தது.

பாலத்துக்கு அந்தப் பக்கம், குழல்விளக்கு எரிகிற கடை. மேசைகளெல்லாம் நிறைந்துவிட்டன. கடை முதலாளி நம்ம பக்கத்து முஸ்லிம், நாகூர்க்காரர். எங்களைப் பார்த்ததும், "யா அல்லா, இப்பத்தான் வந்தியளா? இவ்வளவு நேரம் பாலத்துலயே நின்னான் மனுசன். நான்தான் கூப்புட்டேன், மஃரிபு தொழுகைக்கு அப்புறம் ஆளில்லாம முடியாது" என்று தலையில் கைவைத்துக்கொண்டார்.

தோசைக்கல்லுக்குப் பின்னால் கோகிலாவின் அப்பா நின்றிருந்தார். கை முழுக்க மாவு. கோகிலாவைப் பார்த்தார். முதலில் அவளைத் தேடி அவள் தலைக்கு ஒரு சாண் கீழே பார்த்தார். அஞ்சாவது படித்த பெண்ணின் உயரம் அது. பிறகு நிமிர்ந்தார்.

"சாப்டியா?" என்றார்.

மேசைகளிலிருந்து குரல்கள் விழுந்துகொண்டிருந்தன. அவர் கை நிற்க முடியாது. முதலாளி ஒரு ஸ்டூலைத் தூக்கிக் கல்லுக்குப் பக்கத்தில் போட்டார். கோகிலா உட்கார்ந்தாள். ஒரு ரொட்டியை வீசி, கல்லில் போட்டு, ஒரு கேள்வி. புரட்டி, அடுத்த கேள்வி.

"அம்மா இளைச்சிட்டாளா?"

"அம்மாவும் அதையேதான் உங்களப் பத்திக் கேட்டுட்டு வரச் சொன்னிச்சு."

"இளைக்கலன்னு சொல்லு."

கோகிலா அவரைப் பார்த்தாள். பனியனுக்கு வெளியே தோள் எலும்பு துருத்திக்கொண்டிருந்தது. "சொல்றேன்" என்றாள்.

நான் ஒரு மூலையில் நின்று மூச்சு வாங்கிக்கொண்டிருந்தேன். எதையாவது பேச வேண்டும் என்று அவரே ஆரம்பித்தார். "தெனம் கடை சாத்துனதும், வாசல்ல நின்னு நம்மூருப் பக்கமாப் பாத்துட்டுத்தான் படுக்கறது" என்று, மாவுக் கையால் வாசலைக் காட்டினார். பஸ் அவரைக் கொண்டுவந்து இறக்கிய சாலை அந்தப் பக்கம்தான். கடலுக்கு நேர் எதிர்த் திசை.

கோகிலா எழுந்தாள். அவர் மணிக்கட்டைப் பிடித்தாள். மெதுவாக அப்படியே திருப்பினாள், கல்லைத் தாண்டி, பாத்திரம் கழுவும் இடத்தைத் தாண்டி, பின்வாசலில் தெரிந்த இருட்டுக் கடலுக்கு நேராக.

"அந்தாண்ட இல்லப்பா. இந்தாண்ட." அந்தக் கையை இன்னும் கொஞ்சம் வலப்பக்கம் நகர்த்தினாள். "இப்ப சரி. நேரா."

அவர் அப்படியே நின்றார். கல்லில் ரொட்டி கருகும் வாசனை வந்தது.

"இத்தன வருசமா முதுகக் காட்டிக்கிட்டுல்ல நின்னுருக்கேன்," என்றார்.

அப்புறம் ஏதோ மேசையில் யாரோ தட்டினார்கள். அவர் கருகினதை எடுத்துப் போட்டுவிட்டு அடுத்த உருண்டையை எடுத்தார். கையிலிருந்த முந்திரிப் பொட்டலத்தை அவர் மடியில் சொருகிவிட்டாள் கோகிலா. நாங்கள் கிளம்பினோம்.

கடற்கரையில் பிள்ளைகளை உள்ளே அனுப்பிவிட்டு டீச்சர் காத்திருந்தார்.

"பாத்தாளா?"

"பாத்தா."

"பாலத்துலயா?"

"கடைல."

"நீங்க வலப்பக்கம் திரும்புனதப் பாத்தேன் சார். கத்துனேன். காத்து எதுக்க அடிச்சுது. ஓடி வந்துரலாம்னு நாலடி வச்சேன். புள்ளைங்க எல்லாம் அலைக்குப் பக்கத்துல நிக்குது…"

சொல்லிவிட்டு மணலில் உட்கார்ந்துவிட்டார். எந்தப் பக்கம் பார்த்து உட்கார்கிறோம் என்றுகூடப் பார்க்கவில்லை. நான் பக்கத்தில் நின்றேன். அன்றைக்கு நிற்கிற முறை என்னுடையது.

மற்ற நாட்களில் எல்லாம் ஒழுங்காக நடந்தது. செங்கல் அடித்தளம் மட்டும் மிஞ்சிய பழைய கோயில்களைப் பார்த்தோம். மலாய்ப் பள்ளியில் பிள்ளைகள் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டார்கள். அந்தப் பள்ளிப் பிள்ளைகளையும் டீச்சர் சுற்றவிட்டு இந்தியா எந்தப் பக்கம் என்று கேட்டார். எல்லோரும் சரியாகக் கடலைக் காட்டினார்கள். அவர்களுக்கு அது சுலபம், நம் சினிமா எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று தெரியும் என்றார் அந்த ஊர் ஆசிரியை.

ஊர் திரும்பினால், இருபது பிள்ளைகளும் இருபது வீட்டில் போய்ச் சொன்ன முதல் சங்கதி கோகிலா அப்பாவைப் பார்த்த கதைதான். தாளாளர் பயந்தது அப்படியே பலித்தது. ஒருவருக்குப் பினாங்கில் மச்சான். இன்னொருவருக்கு ஈப்போவில் தம்பி. "எங்க ஆளப் பாக்க மட்டும் விடலயே" என்று வரிசையாக வந்தார்கள்.

தாளாளர் என்னைக் கூப்பிட்டார். "அந்தம்மா போனாங்களா?"

"கடற்கரைய விட்டு நகரவே இல்ல சார்."

"அப்ப புள்ளைய யாரு கூட்டிட்டுப் போனது?"

"நான்தான்."

என்னை மேலும் கீழும் பார்த்தார். "நீங்களா? உங்களுக்கு பஸ் ஸ்டாண்டுக்கே வழி தெரியாது சார். அவங்களக் காப்பாத்தறேன்னு வம்புல மாட்டிக்காதீங்க."

நான் வாழ்க்கையில் சொன்ன ஒரே வீரமான உண்மையை யாரும் நம்பவில்லை. பழி நேரே டீச்சர் தலையில் போய் விழுந்தது. அடுத்த வருடப் பயணம் வேறொரு நாட்டுக்கு, ராட்டினங்கள் நிறைந்த கேளிக்கைப் பூங்காவுக்கு, முழுக்க ஏஜெண்ட் பொறுப்பில். அவரை அழைக்கவில்லை. அவர் சண்டை போடவில்லை. வருடக் கடைசியில் பெரம்பலூர்ப் பக்கம், வகுப்பு ஜன்னலைத் திறந்தால் பச்சைமலை தெரிகிற ஒரு பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டார். போகும்போது கேட்டேன், அங்கே போனால் தூக்கம் வருமா என்று. "தெரியல சார். கடலப் பாத்ததுலேர்ந்து மலை போதல" என்றார். அப்போதும் கதவோரம்தான் நின்றுகொண்டிருந்தார்.

உலக வரைபடம் மறுபடி சுவரேறிவிட்டது. வடக்கு இப்போது மின்விசிறிப் பக்கம்.

கோகிலா திருச்சியில் கல்லூரி படிக்கிறாள். அவள் அப்பா திரும்பி வந்து, ஜெயங்கொண்டத்தில் கும்பகோணம் சாலையில் பரோட்டாக் கடை போட்டிருக்கிறார். போன வாரம் போயிருந்தேன். அன்றைய கதையை நான் பல மேடைகளில் சொல்லிச் சொல்லி மெருகேற்றியிருக்கிறேன். செருப்பும் தொந்தியும் வருகிற இடத்தில் எல்லோரும் சிரிப்பார்கள். அவரிடமும் சொன்னேன், உங்களுக்காக எப்படி ஓடினேன் தெரியுமா என்று. அவர் மாவை வீசிக்கொண்டே பொறுமையாகக் கேட்டார்.

"அந்த டீச்சரு கூட்டியாந்திருந்தா, பாலத்துல நின்னே பேசியிருக்கலாம் சார்," என்றார். "சால்னா ஊத்தவா?"